மவுஸை அவர்கள் கையில் விடுங்கள்

கேள்வி இதுதான்: இணையத்தைத் தொட்டே பார்க்காத பெரியவர்களும் அரைகுறையாகத் தெரிந்த இளையவர்களும் கலந்த ஒரு வகுப்பு. புரொஜெக்டரில் காட்டினால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். தனியாக உட்கார வைத்தால் யாருக்கும் கை ஓடவில்லை. விளக்கத்தைக் குறைத்து, அவர்களையே செய்யவைத்துச் சொல்லிக்கொடுக்க என்ன வழி?

முதலில், அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அறிவுக்குறைவு இல்லை. எதையாவது அழுத்தி எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான். நீங்கள் எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் அந்தப் பயம் போகாது. தப்பாக அழுத்தி, எங்கேயோ போய் மாட்டி, தானே திரும்பி வந்த பிறகுதான் போகும். அதனால் முதல் வகுப்பில் நான் தேடுவதையோ மின்னஞ்சலையோ எடுக்கமாட்டேன். தொலைந்துபோவதையும் திரும்பி வருவதையும்தான் எடுப்பேன்.

ஆட்டம் எளிது. இரண்டு பேருக்கு ஒரு கணினி. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். வணிக விளம்பரம் இல்லாததால் புதியவர்களுக்கு அது நல்ல இடம். ஒருவர் கண்ணில் படும் நீல எழுத்துகளை ஐந்து முறை அழுத்தி எங்கேயாவது போக வேண்டும். மற்றவர் புறப்பட்ட பக்கத்துக்குத் திரும்பிக் கொண்டுவர வேண்டும். பின்செல்லும் அம்புக்குறி ஒன்று இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே ஒரு சிக்கல் வையுங்கள்: ஒரு லிங்கைப் புது டேபில் திறந்து கொடுங்கள். அந்த டேபில் பின்செல்லும் அம்பு மங்கிப்போய் வேலை செய்யாது. புதியவர்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்களில் இது முக்கியமானது. பழைய பக்கம் பக்கத்து டேபில் பத்திரமாக இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். மூன்றாவது சுற்றில் டேபையே மூடச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூடிய டேப் திரும்ப வரும் என்று காட்டும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், பாருங்கள். போனில் பழகுகிறவர்களுக்கும் இதே ஆட்டம்தான். அங்கே பின்செல்லும் பொத்தானோ விரலால் தள்ளுவதோ இருக்கும்.

இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் ஒரு தவறான ஆறுதல் சொல்கிறார்கள்: "எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள், ஒன்றும் ஆகாது." அது உண்மையில்லை. பணம் அனுப்பினால் அனுப்பியதுதான். ஆகவே ஆட்டம் முடிந்ததும் சின்னச் சின்ன அட்டைகளைக் கொடுங்கள். 'லிங்கைத் திறப்பது', 'படத்தைப் பெரிதாக்குவது', 'பணம் செலுத்து', 'அனைவருக்கும் பகிர்', 'ஓடிபியைச் சொல்வது', 'நிரந்தரமாக நீக்கு', 'கேமராவைப் பயன்படுத்த அனுமதி' என்று ஒவ்வொன்றிலும் ஒரு செயல். குழுவாக உட்கார்ந்து 'திரும்பி வரலாம்', 'வர முடியாது' என்று இரண்டு அடுக்காகப் பிரிக்க வேண்டும். கேமரா அனுமதியில் சண்டை வரும். அமைப்புகளுக்குள் போய் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று ஒருவர் சொல்வார். அதற்குள் எடுத்த படத்தை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்பார். அந்தச் சண்டைதான் பாடம். எல்லாவற்றின் மேலும் பரவியிருந்த பயம், பயப்பட வேண்டிய ஏழெட்டு இடங்களுக்கு மட்டும் சுருங்கிவிடும்.

மவுஸ் பிடிக்கவே கை நடுங்குகிறவர்களுக்கு சாலிட்டர் சீட்டாட்டம் நல்ல மருந்து. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்த அந்த ஆட்டத்தில்தான் அப்போது பலருக்கும் அழுத்திப் பிடித்து இழுத்துப் போடுவது பழகியது. கால் மணி நேரம் ஆடவிடுங்கள், வகுப்பு வீணாகிறது என்று கவலைப்படாதீர்கள்.

அடுத்து வகுப்பு முழுவதற்குமான இரண்டு விதிகள். ஒன்று, ஆசிரியர் கை மவுஸைத் தொடக் கூடாது. ஒருவர் தடுமாறும்போது குனிந்து இரண்டு நொடியில் நாமே செய்துகொடுத்துவிடத் தோன்றும். செய்துவிட்டால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: மாட்டிக்கொண்டால் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது, ஜோடியில் மவுஸ் வைத்திருப்பவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுப்பவர் மவுஸைத் தொடக் கூடாது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இரண்டு பேராக ஒரே கணினியில் வேலை செய்யும்போது சிலர் பின்பற்றும் முறைதான் இது. கொஞ்சம் தெரிந்தவரை முதலில் மவுஸ் இல்லாத பக்கம் உட்கார வையுங்கள். அவர் வாயால் சொல்லித்தான் வழிகாட்ட முடியும். கூடவே 'இது', 'அது', 'இங்கே', 'அங்கே' என்ற நான்கு சொற்களுக்கும் தடை போட்டுவிடுங்கள். "அதை அழுத்துங்க" என்று சொல்ல முடியாதபோது "மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளியாக இருக்கிற மெனுவை அழுத்துங்க" என்று சொல்லியே ஆக வேண்டும். பெயர் தெரிந்த பொருளைத்தான் பிற்பாடு போனில் யாரிடமாவது உதவி கேட்கும்போது சொல்லத் தெரியும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999-ல் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்த கதையைச் சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்களே, ஆசிரியர் எதற்கு என்பார்கள். பெரியவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. பத்துப் பேர் முன்னால் தப்பு செய்ய ஒரு பிள்ளைக்கு வெட்கம் இல்லை. பெரியவருக்கு அதுதான் முதல் தடை. தப்பு செய்வதையே ஆட்டத்தின் விதியாக வைப்பது அதனால்தான்.

சரி, கணினியே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றுக்கு வருகிறேன். என் பட்டியலில் மிகவும் பிடித்தது இதுதான்: காகிதத்தில் இணையம். நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் செயல்பாடுகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்துவருகிறார்கள். அந்த வழியில் வகுப்புக்கு ஏற்றபடி நாமே அமைத்துக்கொள்ளலாம்.

ஒருவர் நான்கு வரியில் ஒரு செய்தி எழுதுகிறார். அதை வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், 'நான்கில் 1', 'நான்கில் 2' என்று எண் எழுத வேண்டும். வகுப்பின் மறுமூலையில் இருக்கும் பெறுநருக்குத் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். நடுவில் இருப்பவர்கள் பக்கத்தில் யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் கொடுக்கலாம். எல்லாத் துண்டும் ஒரே வழியில் போகவேண்டியதில்லை. நீங்கள் நடுவில் புகுந்து ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெறுநரிடம் 1, 4, 2 என்று வரிசை மாறி வந்து சேரும், 3 வராது. என்ன செய்யலாம் என்று வகுப்பைக் கேளுங்கள். "மூணாவதை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இணையம் செய்வதும் கிட்டத்தட்ட அதையேதான். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே இந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள்; துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ். ஒரு துண்டு சாதாரணமாக 1500 பைட் அளவுக்கு மேல் போவதில்லை, ஆகவே ஒரு போட்டோ நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் போகிறது. வீடியோ ஏன் நின்று நின்று ஓடுகிறது, பக்கம் ஏன் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

இதே ஆட்டத்தின் அடுத்த சுற்று இன்னும் முக்கியம். துண்டுகளைக் கைமாற்றியவர்களிடம் "என்ன எழுதியிருந்தது?" என்று கேளுங்கள். எல்லாரும் படித்திருப்பார்கள். இப்போது அனுப்புநரும் பெறுநரும் தங்களுக்குள் ஒரு ரகசிய முறை வைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் அடுத்த எழுத்து என்பது போல. நடுவில் இருப்பவர்களுக்கு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரியும், என்ன போகிறது என்று தெரியாது. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதன் பொருள் அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் பெறுநர் இடத்தில் ஒரு ஏமாற்றுக்காரரை உட்கார வையுங்கள். செய்தி வழியில் யாரும் படிக்காமல் பத்திரமாகப் போய்ச் சேரும், நேராகத் திருடன் கைக்கு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மோசடித் தளங்களும் அந்தப் பூட்டை வாங்கிவிடுகின்றன. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் குரோம் பிரவுசரே 2023-ல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியைப் போட்டது.

வரலாறு வேண்டுமா என்றால், நேரம் இருந்தால் ஒரே ஒரு துணுக்கு போதும். 1969 அக்டோபர் 29 அன்று, இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் முதல் செய்தியாக 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கணினி செயலிழந்துவிட்டது. தப்பு செய்யப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணுக்கு கிடைக்காது.

அப்புறம் முகவரி படிப்பது. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் மோசடியிலிருந்து தப்பிக்க இதைவிடப் பயனுள்ள திறமை வேறில்லை. நீளமான காகிதப் பட்டைகளில் முகவரிகளை எழுதுங்கள். இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு வரை விரல் வைத்துப் போக வேண்டும். அங்கே நின்று இடப்பக்கம் திரும்பி, கடைசி இரண்டு பகுதிகளைப் பார்க்க வேண்டும். அதுதான் தளத்தின் சொந்தக்காரர். தமிழ் எழுத்திலேயே எழுதிக் காட்டினால், 'என்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/உள்நுழைக' என்ற முகவரி என்வங்கிக்குச் சொந்தமில்லை, சரிபார்ப்பு.நெட் என்பவருக்குச் சொந்தம். 'உதவி.என்வங்கி.காம்/கணக்கு' என்பது உண்மையிலேயே என்வங்கியுடையது. சில நாடுகளின் முகவரிகளில் நாட்டுக் குறிக்கு முன்னால் இன்னொரு பகுதி சேர்ந்து மூன்றாக வரும், அதையும் ஓரிரு பட்டைகளில் சேருங்கள். பத்துப் பட்டைகளைக் கொடுத்து நல்லது, கெட்டது என்று குழுக்களுக்குள் போட்டி வைக்கலாம். காகிதத்தில் வேகம் வந்த பிறகு போனில் செய்யச் சொல்லுங்கள். அங்கே முகவரி பாதிதான் தெரியும், தொட்டு விரித்துப் பார்க்க வேண்டும் என்பது தனிப் பாடம்.

பக்கத்தைப் படிப்பதற்கும் காகிதம்தான் நல்லது. விளம்பரம் நிறைந்த ஒரு பக்கத்தை வண்ணத்தில் அச்சடித்து, ஸ்கெட்ச் பேனாவால் விளம்பரத்துக்கு ஒரு நிறம், மெனுவுக்கு ஒரு நிறம், நாம் தேடி வந்த விஷயத்துக்கு ஒரு நிறம் தீட்டச் சொல்லுங்கள். பெரிய பச்சைப் பொத்தானில் 'டவுன்லோட்' என்று இருப்பது விளம்பரம், ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான டவுன்லோட் என்று கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கே கோபம் வரும். ஒரே நேரத்தில் கண்ணில் படும் பொருள்கள் அதிகமானால் புதியவரின் கவனம் திணறும் என்று கற்றல் பற்றி ஆராய்ந்த ஜான் ஸ்வெல்லர் போன்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நமக்குத் தானாகவே கண்ணிலிருந்து விலகிவிடும் விளம்பரம் அவர்களுக்கு விலகுவதில்லை. இதை நாம் மறந்துவிடுகிறோம்.

தேடுவதைப் பற்றிச் சுருக்கமாக. எல்லா ஜோடிகளுக்கும் ஒரே கேள்வியைக் கொடுங்கள். தேடும் முன் பதில் இருக்கும் பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கும் என்று ஊகித்துக் காகிதத்தில் எழுதிவிட்டு, அந்தச் சொற்களைப் போட்டுத் தேட வேண்டும். யாருக்கு எது கிடைத்தது என்று ஒப்பிட்டாலே பாதி பாடம் முடிந்துவிடும். தமிழில் தேடினால் ஒன்றும் ஆங்கிலத்தில் தேடினால் வேறொன்றும் வருவதையும் காட்டுங்கள். தட்டச்சு வராதவர்கள் மைக்கை அழுத்திப் பேசட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. மேலே 'ஸ்பான்சர்' என்று இருப்பது காசு கொடுத்து இடம் பிடித்தது என்பதையும், இப்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும் ஏஐ சுருக்கம் தப்பாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். சுருக்கத்துக்குக் கீழே உள்ள லிங்கைத் திறந்து, சொன்னது அங்கே இருக்கிறதா என்று ஒருவர் பார்ப்பது ஐந்து நிமிடச் செயல்பாடு.

உண்மையா பொய்யா என்று பார்க்கும் வகுப்புக்கு நேரம் அதிகம் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதியில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று 1998-ல் ஒருவர் வேடிக்கைக்காக ஒரு தளம் தொடங்கினார். படங்கள், வாழ்க்கைச் சுழற்சி, பாதுகாக்கச் சொல்லும் வேண்டுகோள் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பிற்பாடு கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலோர் நம்பிவிட்டார்கள். பக்கம் அழகாக இருக்கிறதா, தொடர்பு முகவரி இருக்கிறதா என்று பக்கத்துக்குள்ளேயே ஆதாரம் தேடினால் இப்படித்தான் ஆகும். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் மூன்று தரப்பையும் ஒப்பிட்டார்கள். சரிபார்ப்பாளர்கள்தான் வேகமாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் செய்தது ஒன்றே: பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் சட்டென்று புது டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

இதை ஆட்டமாக்குவது சுலபம். பக்கத்தைத் திறந்து முதல் திரைக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு நிமிடத்துக்குள் குறைந்தது மூன்று புது டேபாவது திறந்து, தீர்ப்பும் அதற்கான காரணமும் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் டேபுகளோடு போராடியவர்களுக்கு அந்தப் பழக்கம் இங்கே வேலைக்கு ஆகிறது. ஒன்று மட்டும் கவனம்: பொய்யை மட்டுமே கொடுக்காதீர்கள். கொடுத்தால் எதையுமே நம்பாத பழக்கம் வந்துவிடும், அதுவும் ஆபத்துதான். கேட்டால் பொய் போலத் தோன்றும் உண்மைகளையும் கலந்து வையுங்கள். ஆஸ்திரேலியாவின் வாம்பட் என்ற விலங்கு கனசதுர வடிவில் புழுக்கை போடுகிறது என்பது உண்மை. கைக்கு வந்த ஃபார்வர்டு படங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். படத்தைக் கொண்டே தேடினால், இன்றைய சம்பவம் என்று வந்த படம் பல வருடம் முன்பு வேறு நாட்டில் எடுத்தது என்று தெரியவரும்.

மோசடி அழைப்புகளுக்கு நடிப்பு. ஆனால் வழக்கமாகச் செய்வதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: ஏமாற்றும் செய்தியை அவர்களே எழுதட்டும். அவசரம், பயம், பேராசை, அதிகாரக் குரல் இந்த நான்கில் இரண்டையாவது சேர்த்து ஒவ்வொரு குழுவும் ஒரு குறுஞ்செய்தி எழுதிப் படிக்க வேண்டும். எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனை சீக்கிரம் பிடிபடுகிறது. பிறகு நீங்கள் வங்கிக்காரராகப் பேசுங்கள், அவர்கள் பாதிப் பேச்சில் துண்டிக்கப் பழகட்டும். மரியாதை கருதி முழுக்கக் கேட்கும் பெரியவர்களுக்கு இந்தத் துண்டிப்பு நிஜமாகவே கடினம். வாய்விட்டு "வைக்கிறேன்" என்று சொல்லிப் பழகினால்தான் வரும்.

கடவுச்சொல்லில் நான் கறாராக இருப்பது ஒரே விஷயத்தில்: வகுப்பில் யாரும் தங்கள் உண்மையான கணக்கைத் திறக்கக் கூடாது. பயிற்சிக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். மற்றபடி, மாதாமாதம் மாற்று, நடுவில் குறி போடு என்ற பழைய உபதேசங்களை விட்டுவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லத் தேவையில்லை, நீளம்தான் முக்கியம் என்று வழிகாட்டியது. தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்துச் சேர்ப்பது வகுப்பில் நல்ல விளையாட்டு. வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மின்னஞ்சல், வீடியோ அழைப்பு இரண்டும் தனியாகக் கற்பிக்கும் அளவுக்குக் கஷ்டமில்லை. ஒருவருக்கொருவர் அனுப்பிப் பழகட்டும். 'அனைவருக்கும் பதில்' என்பதை மட்டும் ஒருமுறை வேண்டுமென்றே அழுத்த வையுங்கள்.

மூன்று நான்கு வகுப்புக்குப் பிறகு, ஆளுக்கொரு திறமையாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு குழு படம் இணைப்பது, இன்னொரு குழு வரைபடத்தில் வழி பார்ப்பது, மற்றொன்று படிவம் நிரப்புவது. பிறகு குழுக்களைக் கலைத்து, ஒவ்வொரு புதுக் குழுவிலும் ஒவ்வொரு திறமைக்கும் ஒருவர் இருக்கும்படி சேர்த்தால் அவர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பார்கள். எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸில் தொடங்கிய ஜிக்சா முறை இது. முதல் வாரத்திலேயே செய்தால் தெரியாததைத் தெரியாதவர் சொல்லிக்கொடுக்கும் கதையாகிவிடும்.

நடைமுறையில் இரண்டு தொல்லைகள் வரும். இருபது பேர் ஒரே இணைப்பிலிருந்து ஒரே நேரத்தில் தேடினால், 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்ற படப் புதிர் வரக்கூடும். வகுப்பு நாளன்று எல்லாரும் ஒரே சமயத்தில் புதுக் கணக்கு தொடங்கினாலும் தளம் சந்தேகப்பட்டுத் தடுத்துவிடலாம். கணக்குகளை முன்கூட்டியே தனித்தனி நாளில் தொடங்கிவிடுங்கள். நெட் போகும் நாளுக்காக முகவரிப் பட்டைகள், நிறம் தீட்டும் தாள்கள், பாக்கெட் ஆட்டத் துண்டுகள் மூன்றும் ஒரு உறையில் தயாராக இருக்கட்டும்.

கற்றுக்கொண்டார்களா என்று பார்க்கத் தேர்வு வேண்டாம். நீங்கள் சொல்லிக்கொடுக்காத ஒரு வேலையைக் கொடுங்கள், உதாரணமாக ஒரு நூலகம் எந்த நாளில் விடுமுறை என்று கண்டுபிடிப்பது. கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று, கை எங்கே நிற்கிறது, கண் யாரைத் தேடுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நிறைய பேருக்குக் கை நின்ற இடம் எதுவோ, அதையே அடுத்த வகுப்பில் முதல் ஆட்டமாக வையுங்கள்.